குறையில்லாத பிள்ளை

வாயைத் திற என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளை வாயைத் திறந்தான்.

கொட்டாவி இல்லை அது. பல் முளைக்கிற தினவில் ஈறைக் கடித்துக்கொள்வதும் இல்லை. தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, கீழுதட்டை இழுத்து, புதிதாக முளைத்திருந்த பற்கள் அத்தனையும் தெரிகிறபடி திறந்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு யாரோ போதும் என்று சொன்ன மாதிரி மூடிக்கொண்டான். அவனுக்கு எதிரே ஈரக்கல் தரையும் அதற்கப்பால் மழையும்தான் இருந்தன. அவனுடைய அத்தை லுவான் கேமராவோடு பக்கவாட்டில் குந்தியிருந்தாள். அம்மா மியேன் குடை பிடித்துக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

லுவான் அதை நல்ல போஸ் என்றாள். இன்னொரு தடவை செய்யச் சொல்லு என்றும் சொன்னாள். பதினோரு மாதப் பிள்ளையிடம் எதைச் சொல்லி எதைச் செய்யவைப்பது?

மியேனுக்கு இங்கே வர முதலிலிருந்தே மனசில்லை. ஹுவே நகரத்தில் இந்த மாதத்து மழையைப் பெய்கிறது என்றே சொல்ல முடியாது, அது அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கும். கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது, சுவரில் பச்சை பூக்கும், பிள்ளைக்குச் சளி கட்டும். ஆனால் லுவானுக்குக் கடைதான் முக்கியம். கோட்டைவாசல் பக்கத்தில் அந்தக்கால அரண்மனை உடைகளை வாடகைக்கு விடுகிற கடை. எதிரிலேயே புதிதாக ஒருத்தி கடை திறந்து, குழந்தைகளுக்கான இளவரசன் உடையைப் படம் பிடித்துப் போட்டு, வருகிற கூட்டத்தையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தாள். லுவானும் நீலப் பட்டில் ஒரு குட்டி அங்கி தைத்துவிட்டாள். போட்டுப் பார்க்க ஒரு பிள்ளை வேண்டும். தம்பி பிள்ளை இருக்கிறானே.

கோட்டைக்குள் போனால் கால் வைக்க இடமிருக்காது என்று, ‘நாம் யாவ்’ என்கிற பழைய பலிமேடைக்குக் கூட்டிவந்தாள். பைன் மரங்களுக்கு நடுவே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கல் மேடைகள். கீழே இரண்டு சதுரம், அது பூமி. உச்சியில் வட்டம், அது வானம். அரசர்கள் இங்கே வந்து இளம் எருமையை முழுசாகத் தீயிலிட்டு, அந்தப் புகையை மேலே அனுப்பிவைத்தார்கள். இப்போது தொப்பை குறைவதற்காக ஆட்கள் சாயங்காலம் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். இன்றைக்கு மழையில் அவர்களும் இல்லை. லுவானுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. பிள்ளையைக் கொண்டுபோய் உச்சி மேடையின் நட்டநடுவில் உட்காரவைத்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நெற்றிக் கரியையும் துடைத்துவிட்டாள்.

பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிப்போகிற எந்தத் தாயும் சட்டிக் கரியைத் தொட்டு நெற்றியில் ஒரு தீற்று தீற்றாமல் போகமாட்டாள். காஸ் அடுப்பு வந்த பிறகும், இதற்கென்றே ஒரு பழைய சட்டியை விறகில் வைத்துக் கறுப்பாக்கி வைத்திருந்தாள் மியேன். அவள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது பிறந்து, பால் குடித்து, முகம் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தது. பார்க்க வந்த ஒருத்தி, என்ன இப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று வாயை விட்டுவிட்டாள். அந்த வாரத்திலேயே போய்விட்டது. அந்தப் பேச்சால்தான் போயிற்றா என்று டாக்டரைக் கேட்டால் சிரிப்பார். மியேன் யாரையும் கேட்கவில்லை.

அதனால் இவனைச் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டார்கள். வைத்த பேரை வீட்டுக்குள் யாரும் உச்சரிப்பதில்லை. கொஞ்ச வருகிறவர்கள் எல்லோரும், சீ, பார்க்கவே சகிக்கலை, எலும்பும் தோலுமா இருக்கான் என்று சொல்லிவிட்டுத்தான் கன்னத்தைத் தொடுவார்கள். லுவானும் அப்படித்தான் கொஞ்சுவாள். ஆனால் நீலப் பட்டுக்கு மேலே கரிக்கோடு தெரிந்தால் படம் கெட்டுப்போகும் அல்லவா? ஒரே நிமிஷம், படம் எடுத்ததும் நீ மறுபடி பூசிவிடு என்று சொல்லிக்கொண்டே ஈரக் காகிதத்தால் அழுத்தித் துடைத்தாள். நெற்றி உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது.

துடைத்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

பைன் ஊசிகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மேடையைச் சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தது. சீராக இல்லை, ஒரு பக்கம் நின்று, அடுத்த பக்கம் தொடங்கி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தது. மரங்களுக்கு அடியில் யாரோ இடம் மாறி இடம் மாறி நிற்பது போலிருந்தது. ஊதுபத்திக் கிண்ணத்தில் நனைந்துபோன சாம்பலின் மணம். பட்டின் ஈர மணம். அவற்றுக்குக் கீழே, முதலில் மெதுவாகவும் பிறகு மூக்கை நிறைத்துக்கொண்டும், மியேனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடை. மழையில் நனைந்த மாட்டுத்தோல். அவளுடைய அப்பா எருமை வியாபாரி. அந்த வாடையில்தான் அவள் வளர்ந்தாள். இங்கே பக்கத்தில் எங்கேயும் மாடு இல்லை.

பிள்ளை இப்போது தலையைத் திருப்பினான். வலது காது எதிரே தெரியும்படி திருப்பி, அசையாமல் இருந்தான். பிறகு இடது காது. அதன்பின் வலது காலைத் தூக்கினான். கணுக்காலை யாரோ பிடித்து உயர்த்திய மாதிரி அது நேராக மேலே வந்தது. உள்ளங்கால் தெரிந்தது. இறங்கியது. இடது கால் எழுந்தது.

சந்தையில் அப்பா செய்வது இதேதான். பல்லைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் தொடையில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்.

மியேன் குனிந்து அங்கியை விலக்கினாள். ஏன் விலக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையின் தொடைச் சதையில் ஒரு குழி விழுந்தது. கட்டைவிரல் அகலக் குழி. ஆழமாக இறங்கி, நின்று, மெல்ல நிரம்பி மேலே வந்தது. பிள்ளை அழவில்லை. கூச்சத்தில் லேசாகச் சிரித்தான்.

அப்போது இடது பக்கமிருந்து ஒரு குரல். ஆண் குரல்.

"நிறைஞ்சிருக்கு."

வலது பக்கமிருந்து இன்னொன்று, அவசரமே இல்லாமல்.

"கொழுத்திருக்கு."

குடை கையிலிருந்து விழுந்தது. மியேன் லுவானைப் பார்த்தாள். லுவான் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லாதபோது அவளைத்தானே கேட்க முடியும்? என்ன சொன்ன, எம் பிள்ளையப் பாத்து என்ன வார்த்தை சொன்ன என்று மியேன் கத்தினாள். லுவானுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"நான் ஏண்டி அந்த வார்த்தையச் சொல்லப்போறேன்? எனக்கு மட்டும் அவன் ஆகாதவனா?"

"கேட்டுச்சுக்கா. ரெண்டு பேரு சொன்னாங்க."

"இங்க நீயும் நானும்தான் இருக்கோம். ரெண்டாவது ஆளு யாரு, சொல்லு பாப்போம்."

அதற்கு மேல் லுவான் நிற்கவில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு இப்படித்தான் கேட்கும், தம்பி பாவம் தனாங் பட்டணத்தில் கிடந்து உழைக்கிறான், இங்கே நீ இப்படி ஆகிக்கொண்டு வருகிறாய் என்றெல்லாம் படியிறங்கிக்கொண்டே சொன்னாள். ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவருகிறேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர் என்றாள். அவளுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு மேடையாக இறங்கி, பைன் மரங்களுக்குள் போய் அடங்கிவிட்டது.

மியேன் பிள்ளையை வாரி எடுத்தாள். அவன் மார்புத் துடிப்பு அவள் உள்ளங்கையில் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அவளுடையதுதான் தறிகெட்டு ஓடியது. ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போவோம், கஞ்சி குடிப்போம், சுண்டெலிக்குக் கஞ்சி, அசிங்கப் பயலுக்குக் கஞ்சி என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே படியை நோக்கித் திரும்பினாள்.

திரும்பியதும் நின்றுவிட்டாள்.

மழைத் தூறல் மேடை முழுக்க மெல்லிய வெள்ளைத் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சில இடங்களில் இறங்கவில்லை. படியின் இரண்டு ஓரங்களிலும், வரிசையாக, ஆள் உயரத்துக்கு மழை இல்லாத இடங்கள் இருந்தன. மேலே குறுகி, தோள் அளவில் அகன்று, கீழே தரைவரைக்கும் அங்கி விரிந்த மாதிரி விரிந்திருந்தன. அவற்றின் விளிம்புகளில் நீர் வழிந்து இறங்குவதுகூடத் தெரிந்தது. நடுவில் ஒருவர் நடந்துபோகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள்.

அவளுக்கு அந்த வழியில் போகப் பயமாக இருந்தது. அதை விட்டால் வேறு வழியும் இல்லை. மற்ற பக்கங்களிலும் அப்படியே நின்றிருந்தார்கள்.

குனிந்து, கல் இடுக்கிலிருந்து சேற்றை வழித்துப் பிள்ளையின் நெற்றியில் அப்பினாள். கன்னத்தில் அப்பினாள். மூக்கில் அப்பினாள். அசிங்கம் பாருங்க, இதைப் போய் யாரு கேப்பா என்று வாய்விட்டே சொன்னாள். பட்டுச் சரசரப்பு ஒன்று முகத்துக்கு மிக அருகில் கேட்டது. பிள்ளையின் நெற்றியில் ஒரு அகலமான துடைப்பு விழுந்தது. கை நிறையத் துணியைப் பிடித்துத் துடைத்தது போல, ஒரே இழுப்பு. சேறு போய்விட்டது. அடுத்து கன்னம். அடுத்து மூக்கு. பிள்ளை மறுபடியும் வாயைத் திறந்து காட்டினான்.

"நிறைஞ்சிருக்கு."

"கொழுத்திருக்கு."

இம்முறை இன்னும் பக்கத்தில்.

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அந்தப் பயத்திலும் புத்தி எங்கெங்கோ ஓடி, அப்பாவிடம் போய் நின்றது. ஊர்த் திருவிழாவுக்குப் பலி எருமை தேடி வருவார்கள். குறையில்லாததுதான் வேண்டும், கொம்பில் கீறலோ தோலில் தழும்போ இருந்தால் வானத்துக்கு ஆகாது. ஒரு வருஷம், அப்பா உயிராக வளர்த்த கிடாரியை வந்து பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவர் கொட்டிலுக்குப் போய் அதன் காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டார். வந்தவர்கள் பார்த்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கிடாரி அதற்குப் பிறகு பல வருஷம் ஏர் உழுதது.

ஒரு வெட்டு. அவ்வளவுதான். சின்னதாக ஒன்று.

கையில் கத்தி இல்லை. சாவிகூட லுவானிடம். கொண்டை ஊசி இருக்கிறதா என்று தலையைத் தடவினாள். இல்லை. நகம் போதாது. பிள்ளையின் கால் மறுபடி உயரத் தொடங்கியது. அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் அது உயர்ந்தது.

மன்னிச்சுக்கடா.

அவன் காது மடலைப் பல்லுக்குள் வாங்கினாள். மிருதுவாக இருந்தது. பால் வாசனை. கடித்தாள்.

வீறிட்டான். அன்று முழுக்கக் காட்டாத அழுகை. வாயில் உப்புக் கரித்தது. நாக்கில் முடி ஒட்டியது. அவன் காதோரத்துப் பூமுடி. துப்பினாள். ரத்தமும் முடியுமாகக் கல் இடுக்கில் விழுந்தது.

எல்லாம் நின்றது.

சொட்டுச் சத்தம் இல்லை. பட்டுச் சரசரப்பு இல்லை. பிறகு மழை, சாதாரண மழை, மேடை முழுக்க ஒரே சீராக இறங்கியது. படியோரங்களில் இறங்கியது. அவள் தோளில் இறங்கியது. மழை இல்லாத இடம் என்று ஒன்றுமே இல்லை. மாட்டு வாடையும் போய்விட்டது. பைன் மணமும் ஈர மண் மணமும்தான் மிச்சம்.

மியேனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு, போங்க, அடுத்த வீட்டுக்குப் போங்க என்று முனகிக்கொண்டே முதல் மேடையை இறங்கினாள். இரண்டாவதை இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. இப்படிக் கடித்துவிட்டேனே, வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை வந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அது சாதாரண மனுஷர்களின் கவலை. மூன்றாவது மேடையும் முடிந்து மண் பாதைக்கு வந்தபோது பிள்ளை விசும்பலைக் குறைத்து அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தான்.

லுவான் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, மழைக்கோட்டை விரித்துக்கொண்டு நின்றாள். கோபம் பாதி ஆறியிருந்தது. பிள்ளையை வாங்குவதற்குக் கையை நீட்டியவள் நீலப் பட்டில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். எங்கே விழுந்தான், எப்படி விழுந்தான் என்று பதறினாள். மியேன் மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. பல்லைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், தொடையை அமுக்கினார்கள், அப்பா கிடாரிக்குச் செய்ததை நான் இவனுக்குச் செய்தேன், போய்விட்டார்கள் அக்கா என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள்.

பைத்தியமா உனக்கு என்று லுவான் கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். லுவான் கேட்கவில்லை. திருவிழாவுக்கென்று அரசர்களின் அந்தப் பழைய பலிச் சடங்கை நடித்துக்காட்டுகிற வருஷங்களில், மந்திரிகளாகவும் பூசகர்களாகவும் நிற்கிற ஆட்களுக்கெல்லாம் உடை கொடுத்து, ஒத்திகைதோறும் கூடவே நின்றவள் அவள். என்ன முதலில், என்ன அடுத்து என்பது அவளுக்கு மனப்பாடம். இப்போது அவள் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

"எங்க வச்சுக் கடிச்ச?"

"மேல. வட்டத்துல."

"ரத்தம் கீழ விழுந்துச்சா?"

"கொஞ்சந்தான்க்கா. துப்பிட்டேன். முடியும் வந்துச்சு."

லுவான் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது அவள் குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"பாக்குறவங்க பாத்துட்டுப் போயிருவாங்கடி. அது சும்மா பாக்குறதுதான். கொஞ்சம் ரத்தமும் கொஞ்சம் முடியும் மண்ணுல விழுந்தாத்தான், குடுத்தாச்சுன்னு கணக்கு. குடுக்கவேண்டியவங்க கையால விழணும்."

"அதுக்கப்புறம்?"

லுவான் கிட்டே வந்தாள். பிள்ளையின் முதுகில் ஆறுதலாகக் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அது சிவந்திருந்தது.

மியேனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. தோள் சுட்டது. நனைந்துபோன அவள் சட்டை, பிள்ளை சாய்ந்திருந்த இடத்தில் மட்டும் காய்ந்திருந்தது. காய்ச்சல், காய்ச்சல்தான், சளிக் காய்ச்சல் என்று நினைக்கப் பார்த்தாள். அவனைத் தோளிலிருந்து பிரித்து எடுத்துக் கையில் கிடத்தினாள். உள்ளங்கை பொறுக்கவில்லை. விடவும் முடியவில்லை.

பிள்ளை அழவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலப் பட்டின் கழுத்தோரத்திலிருந்து நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று எழுந்து, அந்த மழையிலும் கலையாமல், நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. தூறல் ஒன்று அவன் நெற்றியில் விழுந்தது.

காய்ந்த சட்டியில் விழுந்த மாதிரி, சுர்ரென்றது.